தங்கவேலு பார்க்

மயிலாள் தன் புருஷன் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னவள் இல்லை. அந்தச் சீமையில் அவள் வயசுப் பெண்கள் யாரும் சொல்லமாட்டார்கள். அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று.

அவள் புருஷன் வெள்ளியங்கிரியின் சலவைப் பட்டறையில் ஒன்பது வருஷம் பனியன் துணி வேகவைத்தவன். ஒரு மாசி மாதம், கால் வழுக்கிக் கொதிக்கிற தொட்டிக்குள் விழுந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். காரியமெல்லாம் முடிந்தபின் மயிலாள் நியாயம் கேட்டுப் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

வெள்ளியங்கிரி வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பேரென்னங்க?" என்றார். ஒன்றுமே தெரியாத ஆள் மாதிரி!

புருஷன் பெயரை மயிலாள் எப்படிச் சொல்வாள்? திரும்பிப் பார்த்தாள். கூட வந்த பனியன் கம்பெனித் தோழி பழனாயிதான், "தங்கவேலுங்க" என்றாள். அவர் பொறுமையாக ஏட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தை என்றைக்கோ கிழித்தாகிவிட்டது.

"அப்படி ஒருத்தரு நம்மகிட்ட வேலையே செய்யலீங்களேம்மா. போயிட்டு வாங்க."

அடப்பாவி மனுஷா! வைதிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த 'ங்க'தான் அவள் வயிற்றில் நெருப்பைக் கொட்டியது. அந்தப் பெயரை இவன் வாயாலேயே சொல்லவைக்காமல் நான் கட்டையில் போகமாட்டேன் என்று, வீடு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

மறு வருஷம் வெள்ளியங்கிரியின் பங்களாவுக்கு எதிரே முள்ளும் குப்பையுமாகக் கிடந்த நிலத்தில் நகராட்சி பூங்கா போட நினைத்தது. கையில் காசில்லை. ஊர்க்காரர்கள் கொடுத்தால் உண்டு என்றார்கள். வெள்ளியங்கிரி முந்திக்கொண்டு பெரும்பங்கு கொடுத்தார். தன் அப்பா ஆத்தப்பன் பெயரைப் பூங்காவுக்கு வைக்கச் சொன்னார். மற்ற கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொன்றாக வளைவு, நீரூற்று, விளக்குக் கம்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சு மட்டும் பொதுஜனத்துக்கு. யார் பணம் கட்டினாலும் அவர்கள் சொல்கிற வாசகத்தைக் கல்லில் வெட்டிப் பதிப்பார்கள்.

நாளைக்கு வேறு கட்சி வந்து அப்பா பெயரை அழித்துவிட்டால்? அந்தப் பயத்தில் வெள்ளியங்கிரியே ஆள் பிடித்து ஒரு தீர்மானம் போடவைத்தார். உபயம் கொடுத்தவர் எழுதித் தந்த வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட எவரும் எக்காலத்திலும் மாற்றக் கூடாது. தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது மனுஷனுக்கு அப்போது தெரியவில்லை.

மயிலாள் காதுத் தோட்டைக் கழற்றி விற்றாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பனியன் கம்பெனிப் பெண்கள் முடிந்ததைப் போட்டார்கள். பழனாயி கூட வந்து, நகராட்சிக் குமாஸ்தா சாமியப்பனிடம் வாசகத்தைச் சொன்னாள். எழுதி முடித்த சாமியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் வெள்ளியங்கிரியிடம் ஏதோ பழைய காந்தல் இருந்திருக்கும். மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார்.

திறப்பு விழா அன்றைக்கு வாசல் வேப்பமரத்தடிப் பெஞ்சைப் பார்த்து வெள்ளியங்கிரி முகம் செத்துப்போயிற்று. 'வெள்ளியங்கிரி சலவைப் பட்டறைத் தொட்டியில் வெந்து இறந்த தங்கவேலு நினைவாக. உபயம்: மனைவி மயிலாள், பனியன் கம்பெனிப் பெண்கள்.'

"எவன் வெட்டினது இதை? பேத்து எறிங்கடா!"

"பேக்கலாமுங்க," என்றார் சாமியப்பன், குரலைத் தாழ்த்தி. "தீர்மானத்தை ரத்து பண்ணோணும். அப்பறம் உங்க அப்பா பேருக்கும் காப்பு இல்லீங்க."

வெள்ளியங்கிரி வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர் வாயை மூடவா மயிலாள் தோட்டை விற்றாள்? திறக்கவல்லவா வேண்டும்! பூங்கா வாசலிலேயே வேகவைத்த கடலைக்காய் விற்க உட்கார்ந்தாள். வருகிற குழந்தைகளிடம், "கண்ணு, இது என்ன பார்க்கு? பெஞ்சுல இருக்கற பேரைப் படிச்சுச் சொல்லு, ஒரு கை சேத்தித் தாரேன்" என்பாள். குதிரைவண்டிக்காரர்களுக்கும் அதே கதைதான். பஸ் கண்டக்டர் மணியன் இரண்டு கை வாங்கிக்கொண்டு, "தங்கவேலு பார்க் எறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மூன்றே வருஷம். ஆத்தப்பன் பூங்கா என்றால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெள்ளியங்கிரி மட்டும் சொல்லவில்லை. 'எங்க ஊட்டுக்கு எதுத்தாப்பல' என்பார், அவ்வளவுதான்.

பிறகு அவர் மகள் சாரதாமணிக்கு உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்கிற நாள் வந்தது. மாப்பிள்ளை வீடு வெள்ளகோவிலில் பெரிய கை. சாயங்காலம் ஆறு மணிக்குள் முகூர்த்தம். ஐந்தரை ஆகியும் ஒருவரையும் காணோம். பந்தலில் உறவுக்காரர்கள் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். பங்களாவின் சாலையோர ஜன்னலுக்குள் டெலிபோன் அடித்தது; வெள்ளியங்கிரி ஓடிப்போய் எடுத்தார். மயிலாள் கூடையோடு எழுந்து ஜன்னலடிக்கு வந்தாள்.

"அனுப்பர்பாளையத்துலயா? அங்க ஏனுங்க போனீங்க?... வெள்ளியங்கிரின்னு கேட்டீங்களா? அது வேற ஆளு, பாத்திரப் பட்டறைக்காரருங்க! ஆத்தப்பன் பூங்கான்னு கேளுங்க... கேட்டீங்களா? ஆருக்கும் தெரியலீங்களா?"

அவர் சட்டை நனைந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மயிலாளையும் பார்த்தார். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"தங்க... தங்கவேலு பார்க்குன்னு கேளுங்க."

லைன் கரகரத்தது போலிருக்கிறது. எதிர்முனைக்குக் கேட்கவில்லை.

"தங்கவேலு! தங்கவேலு பார்க்குங்க!" பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஏனுங்க? அது ஆருன்னுங்களா?... நம்ம பட்டறையில வேலை செஞ்சவருங்க... கேக்கலீங்களா? நம்ம பட்டறையில வேலை செஞ்சவருங்க! தொட்டியில உளுந்து செத்துட்டாருங்க!"

அவர் போனை வைத்தார்.

மயிலாள் கூடைக்குள் கையைவிட்டு, கை நிறையக் கடலைக்காய் அள்ளி ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"பேரைச் சொன்னவங்களுக்கு ஒரு கை சேத்தித் தர்றதுங்க, மொதலாளி. எடுத்துக்குங்க."