கூடையைக் கேட்டவள்

தான் விற்கும் அக்காரா வடைக்குப் பயறு அரைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அரிகே முற்றத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கிணற்றடியில் ஒரு பெரிய தக்காளிக் கூடை கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு கல். பின்னல் இடைவெளிகளுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ ஓயாமல் சுற்றியது.

"சமையல்கட்டுக் கூரைலேருந்து குதிச்சது. நான்தான் கவுத்தேன்" என்றான் மெக்கானிக் சைதி. அவன் புறங்கையில் ரத்தம் கோடு கோடாக வழிந்தது.

"கையெழுத்தும் வாங்கிட்டியே" என்றாள் ஒருத்தி. யாரும் அதிகம் சிரிக்கவில்லை.

அந்தக் குடித்தன வீட்டின் சொந்தக்காரர் லசிசி வாயிலிருந்த பல்குச்சியை எடுத்தார். "யாரும் தொடக்கூடாது. இது வெறும் பூனை இல்ல. இதோட மனுஷ உடம்பு எங்கயோ படுத்துக் கிடக்குது. உச்சி வெயிலுக்குள்ள அது எழுந்து வந்து கேக்கும். 'ஐயோ பாவம், விட்டுடுங்க'ன்னு எந்த வாய் கேக்குதோ, அதுதான் சூனியக்காரி."

"யாரும் வரலன்னா?"

"மண்ணெண்ணெய் இருக்கு."

அரிகே யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பூனை அவளுடையது. மழைக்குப் பிறகு எலிகள் பயறு மூட்டைகளைக் கிழித்த வாரத்தில் அது பின்பக்க ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. கருவாட்டுத் தலை ஒன்றைப் போட்டாள். அதன்பின் மூட்டை கிழியவில்லை. நிழலில் இருந்தால் அது இருக்கும் இடமே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால் முழுதாக மறைந்துவிடும். வெயிலில் பார்த்தால் அது கறுப்பே அல்ல, அடர்ந்த காப்பி நிறம். முதுகில் மட்டும் சிவப்பு ஓடும். அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்காகவே அவள் ஜன்னல் கதவைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைப்பாள். கானோவுக்கு லாரி ஓட்டிப் போயிருக்கும் கணவன் ரசாக்கிக்குக்கூட அவள் சொல்லவில்லை. இபாதானில் கறுப்புப் பூனை வளர்க்கிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

இப்போதும் சொல்ல முடியாது. கேட்பதே குற்றம். போன வருடம் சந்தைப் பக்கம் ஒருத்தியை இப்படித்தான் பிடித்தார்கள். துணியை உருவிவிட்டுத் தெருவெல்லாம் நடத்தினார்கள். அவள் அன்று மாலைக்குள் செத்துப்போனாள். அவள் பெயரை இப்போது யாரும் எடுப்பதில்லை.

கதவிடுக்கில் பார்த்தால் எதிர் வரிசை அறை தெரிந்தது. அதன் படியில் கஃபாயத்தின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் கஃபாயத். அந்தக் குழந்தைக்குச் சில நாட்களாகக் காய்ச்சல். முந்தின இரவிலிருந்து வலிப்பு. அந்த இரவில்தான் கூரையில் பூனை கத்தியது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அரிகே அந்த இரவே சொல்லிப் பார்த்தாள். "வலிப்பு வர்ற பிள்ளைக்கு ஊசி போடுவாங்களா யாராவது? ஊசி இறங்கினா உசுரு ஏறிடும். உனக்குப் பிள்ளை இல்ல, தெரியாது" என்றாள் கஃபாயத்தின் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. ஊசி கொன்றுவிடும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பூனை கூப்பிட்டது. கருவாட்டுக்குக் கூப்பிடும் அதே குரல். தானே கத்திவிட்டதுபோல் அரிகே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் கிணற்றுச் சுவரைத் தாண்டிக் கூடைமேல் ஏறியது. சைதி மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்து வந்து வைத்தான். அப்போது வாசலில் பெரிய குரல் கேட்டது.

"ஏண்டா, என் கூடையை எவன்டா தூக்கினது? அங்க தக்காளி லாரி வந்து நிக்குது, நான் என்ன முந்தானைலயா அள்ளிட்டு வரணும்?"

மொரியாமோ. பின்தெருவில் தக்காளி விற்பவள். தண்ணீர் எடுக்க இந்தக் கிணற்றுக்கு வருவாள். நேற்று கூடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நேராகக் கிணற்றடிக்குப் போனாள்.

"கல்லை எடுங்க. திறங்க சீக்கிரம்."

யாரும் அசையவில்லை.

"என்ன எல்லாரும் புதுப்பொண்ணைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

"எதைக் கேக்கற நீ?" என்றார் லசிசி மெதுவாக.

"கூடையைத்தான். வேற எதைக் கேப்பாங்க?"

உள்ளே பூனை முனகியது. மொரியாமோ குனிந்து பார்த்தாள். "அட, பூனை. ஐயோ பாவம், இதை எதுக்குடா இப்படி…"

சைதி எழுந்து போய் வாசற்கதவைத் தாழிட்டான்.

தாழ்ப்பாள் சத்தத்தில் மொரியாமோ திரும்பினாள். முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்குப் புரிவதை அரிகே கதவிடுக்கிலிருந்து பார்த்தாள்.

"டேய், அது என் கூடைடா. கூடைக்குத்தான் வந்தேன்."

"பெத்த மூணையும் முழுங்கினவதானே" என்றது ஒரு பெண்குரல். "அது போதலபோல."

ஒருவன் அவள் தலைத்துணியைப் பிடித்து இழுத்தான். அது அவிழ்ந்து ஈரத்தரையில் விழுந்தது.

அரிகேவுக்கு முதலில் வந்தது நிம்மதி. சுவரில் சாய்ந்தாள். யாரோ கேட்டுவிட்டார்கள், ஆள் கிடைத்துவிட்டது, தன்னை இனித் தேட மாட்டார்கள். பிறகுதான் மொரியாமோ ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு மறு கையால் கிணற்றுச் சுவரைப் பற்றுவது கண்ணில் பட்டது.

அவள் கதவைத் திறந்தாள். எவ்வளவு வேகமாக நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கல்லைத் தள்ளினாள், கூடையைத் தூக்கினாள். பூனை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் குளியலறைச் சுவர், அடுத்ததில் அதற்கப்பால். இனி இந்த வீட்டுப் பக்கம் வராது. அதற்கு அவ்வளவு அறிவு உண்டு.

"பூனை என்னோடது" என்றாள் அரிகே. "மீன் போட்டு வளர்த்தது நான். அக்காவை விடுங்க."

அவளைச் சுற்றி இடம் காலியானது. மொரியாமோவின் தோளைப் பிடித்திருந்தவன்கூடக் கையை எடுத்துவிட்டான். லசிசி நாற்காலியிலிருந்து எழுந்தார், கிட்டே வரவில்லை.

கிட்டே வந்தது கஃபாயத்தின் அம்மாதான். அடிக்கப் போகிறாள் என்று அரிகே கண்ணை மூடினாள். கைகளில் கனமாக, சுடச்சுட எதுவோ விழுந்தது. குழந்தை.

"நீ கட்டினதை நீயே அவுத்து விடு" என்றாள் கஃபாயத்தின் அம்மா. "உன் கால்ல விழறேன். அவுத்து விடு."

குழந்தையின் மூச்சு நாய்க்குட்டியின் மூச்சைப்போல் வேகமாக இருந்தது. இமைகளுக்கு நடுவே வெள்ளை மட்டும் தெரிந்தது. 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்ற வார்த்தைகள் அரிகேவின் வாய்வரை வந்தன. அதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். செய்தேன் என்று சொன்னால், அடுத்து எதைச் சொன்னாலும் கேட்பார்கள்.

"சரி" என்றாள். "அவுக்கறேன். ஆனா இங்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரில ஊசி போடணும். அங்கதான் அவுழும்."

"ஊசியா?" லசிசி குறுக்கே வந்தார். "வலிப்புக்கு ஊசி போட்டா…"

"கட்டினது நீங்களா, நானா?"

அவர் ஓர் அடி பின்னால் போனார். எட்டு வருடமாக அந்த முற்றத்தில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

சைதி வாசற்கதவைத் திறந்து மோட்டார் சைக்கிளை எடுத்தான். திறந்த கதவு வழியே மொரியாமோ நழுவிப் போனாள். அரிகே நடுவில், மடியில் குழந்தை. பின்னால் கஃபாயத்தின் அம்மா. அவள் அரிகேவின் மணிக்கட்டை வழியெல்லாம் விடவில்லை. எலும்பு வலித்தது. குழந்தை செத்துவிட்டால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகமுடியாது என்று அரிகேவுக்குத் தெரியும். முன்னால் சைதியின் முதுகு அவள்மேல் படாமல் விலகி விலகி விறைத்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் குழந்தையைத் தொட்டவுடன் திட்டினாள். "இப்பதான் விடிஞ்சுதா உங்களுக்கு? மலேரியா தலைக்கு ஏறிப்போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா வேற பக்கம்தான் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

ஊசியை எடுத்தபோது கஃபாயத்தின் அம்மா ஊசியைப் பார்க்கவில்லை. அரிகேவின் முகத்தைப் பார்த்தாள். பயம் தெரிந்தால் அவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். அரிகே இமைக்காமல் நின்றாள். முதுகில் வியர்வை இறங்கியது. மருந்து உள்ளே போனது. அடுத்து குளுக்கோஸ் பாட்டிலையும் மாட்டினார்கள்.

குழந்தை அழவில்லை. வெகுநேரம் அழவில்லை. சைதி வராந்தாவின் வாசல் பக்கம் போய்க் குறுக்கே நின்றான்.

வராந்தா வெயில் நாலு மணி வெயிலாக மாறியபின், கஃபாயத் கையை உதறி, மெலிதாக, எரிச்சலோடு அழுதாள். நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்தாள். "இப்ப தேவலை. நாளைக்கும் நாளன்னைக்கும் இதே ஊசி இருக்கு. நடுவுல தூக்கிட்டு ஓடிடாதீங்க."

கஃபாயத்தின் அம்மா அப்போதுதான் அரிகேவின் மணிக்கட்டை விட்டாள். விரல்தடம் பதிந்திருந்தது. "கடவுள் உனக்கு நல்ல கூலி குடுக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு பெஞ்சில் ஓர் ஆள் இடம் தள்ளி உட்கார்ந்தாள்.

"அக்கா, அது வெறும் பூனை" என்றாள் அரிகே.

"வெறும் பூனைன்னா இவ எப்படிப் பிழைச்சா?"

இன்னும் இரண்டு ஊசி பாக்கி இருந்தது. கட்டு என்று நம்பினால்தான் இவள் அதற்கும் குழந்தையைத் தருவாள்.

"நீ வீட்டுக்கு வராதே. எதையும் மனசுல வச்சுச் சொல்லல. ஆனா வராதே. உன் சாமானை சைதி கொண்டுவந்து குடுப்பான்."

"நானா?" என்றான் சைதி.

"பயறு மூட்டை மூணு இருக்கு" என்றாள் அரிகே. எழுந்து துணியைச் சரிசெய்தாள்.

கஃபாயத்தின் அம்மா சட்டென்று அவள் துணி முனையைப் பிடித்தாள்.

"இப்ப எங்க போற? பாட்டில் தீரட்டும். நாளைக்கும் ஊசி போடற நேரத்துக்கு வந்து நில்லு."

அரிகே மறுபடி உட்கார்ந்தாள். பாட்டிலில் பாதிக்குமேல் மீதி இருந்தது.