டேப் சுற்றிய விசை

விடிகாலைப் பனி இன்னும் புல்லில் கிடந்தது. பாசடீனா நகரின் மேட்டுத் தெருவில், பெரிய வீடொன்றின் வாசலில் குனிந்து நிகனோர் ஜகரண்டா மரம் உதிர்த்த ஊதாப் பூக்களைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நனைந்த பூ தரையில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். இலைகுப்பையை ஊதித் தள்ளும் ப்ளோவருக்கும் அசையாது. இடுப்பு விட்டுப்போனது. மூன்று நாளுக்கு முன்புவரை இந்த வாசல் அவன் அக்காள் புருஷன் ஒவிடியோவின் பொறுப்பு. இன்று அவர் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

ஒவிடியோ இருபது வருஷம் பெட்ரோல் ப்ளோவரை முதுகில் சுமந்தவர். அந்தச் சனியன் தெருவையே அலற வைக்கும். சத்தம் நின்றால் அணைந்துவிட்டது என்று அர்த்தம். தைரியமாகக் கையை விடலாம். பெட்ரோல் ப்ளோவர் கூடாதென்று சட்டம் வந்ததும் முதலாளி ரமிரோ யாரோ கழித்த பேட்டரி ப்ளோவர்களை வாங்கி வந்தார். ஒன்றில், காற்றை இழுக்கும் வாயிலிருந்த வலை உடைந்திருந்தது. "ஊதுதா இல்லையா, அதைப் பாரு" என்றார். விசையை விட்டு விட்டு அழுத்தினால் வேலை சுணங்குகிறதாம், அழுந்தியே இருக்கும்படி அதன்மேல் டேப் சுற்றச் சொன்னார். சுற்றியவன் நிகனோர்தான்.

விபத்தன்று ஈர இலை அடைத்து உள்ளே காற்றாடி நின்றது. சத்தமே இல்லை. ஒவிடியோ பழக்கதோஷத்தில் விரலை விட்டு இலையை இழுத்தார். அடைப்பு விலகியதும் காற்றாடி சுற்றிவிட்டது. பேட்டரியைக் கழற்றியிருந்தால் போதும். ஒரு பொத்தான், ஓர் இழுப்பு. அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நேற்று மாலை பார்க்கப் போனபோது, அக்காள் தொமித்திலா டார்ட்டியா ரொட்டியைக் கிழித்து, அவரைக்கூழில் தோய்த்துப் புருஷனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா அத்தான்?"

"வலிகூடப் பரவால்லடா. இல்லாத விரலு அரிக்குது. எங்க போய்ச் சொறிவேன்?" என்று சிரித்தார். நிகனோருக்குத் தாங்கவில்லை, வெளியே வந்து அழுதான்.

இப்போது வாசலில் ரமிரோவின் வண்டி வந்து நின்றது. கையில் ஒரு தாள். வேலியோரம் செடி வெட்டிக்கொண்டிருந்த கூட்டாளிகள் எர்மிலாவையும் கசிமிரோவையும் கூப்பிட்டார்.

"ஒவிடியோ அன்னிக்குக் குடிச்சிட்டு வந்தான்னு எழுதியிருக்கு. மூணு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

"அத்தான் குடிக்கலையே முதலாளி" என்றான் நிகனோர்.

"தெரியும்டா. வைத்தியச் செலவு என் தலைல விழுந்தா கம்பெனிய இழுத்து மூடணும். நானும் புல்லு வெட்டினவன்தான், எனக்கே பாடம் நடத்தாத."

"அதான் முதலாளி மனசு ஆறல" என்றாள் எர்மிலா. "புல்லு வெட்டின கையி இதை எழுதுதேன்னு."

ரமிரோ குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்ட என்ன காகிதம் இருக்கு, இல்லன்னு எனக்குத் தெரியும். குடியேற்ற ஆபீசுக்கு ஒரு போன் போதும்."

கசிமிரோ தலையைக் குனிந்துகொண்டான். நிகனோர் தாளைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். அத்தானின் வைத்தியம் நின்றுபோகும். விரல் போன அந்தக் கை கண்முன் வந்தது.

"டேப் சுத்துனது நான். நீங்க சொல்லித்தான் சுத்துனேன். அதை எழுதுங்க, போடுறேன்" என்றான். தன் ப்ளோவர் விசையிலிருந்த டேப்பை உரித்தான். பொத்தானை அழுத்திப் பேட்டரியை உருவி, முதலாளி வண்டியின் பின்பலகையில் வைத்தான்.

எர்மிலா தன் பேட்டரியையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். கடைசியில் கசிமிரோவும் வைத்தான்.

"வலை போடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி குடுங்க. நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்றாள் எர்மிலா. "அதுவரைக்கும் பேட்டரி வெளியிலதான்."

"நாளைக்கே வேற ஆளு வருவான்."

"வரட்டும். அவனுக்கும் கழட்டச் சொல்லித்தரோம்."

ரமிரோ பேட்டரிகளோடு போய்விட்டார். நாளைக்கு வேலை உண்டா, வீட்டுக் கதவை யார் வந்து தட்டுவார்கள், எதுவும் தெரியவில்லை. மூவரும் நடைபாதை ஓரம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

எதிர்வீட்டில் வேறொரு கம்பெனிக்காரன் ஊதிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்துவிட்டு, ப்ளோவரைக் கையில் தொங்கவிட்டபடி தெருவைக் கடந்து வந்தான். அதன் விசையிலும் டேப்.

"என்னண்ணே ஆச்சு?"

நிகனோர் எழுந்தான். "முதல்ல அந்தப் பேட்டரியக் கழட்டு தம்பி. சொல்றேன்."