ரேலீன் கட்டிய பாய்வண்டி

மேற்கு ஆஸ்திரேலியாவில் கம்பல்டா நிக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற ரேலீனுக்கு அந்தப் பித்து பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நாத்தனார் கோரலைக் கூட்டிக்கொண்டு சும்மா காற்று வாங்க லெஃப்ராய் ஏரிப்பக்கம் போயிருந்தாள். ஏரி என்று பேர்தானே தவிர, மழை போய்விட்டால் அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்புப் பாளம்தான். அதன்மேல் மூன்று சக்கர வண்டிகள் கப்பல் மாதிரி பாய் விரித்து ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சின் கிடையாது. தூரத்தில் கொக்கு மாதிரி தெரிந்த ஒரு பாய், கோரல் தெர்மாஸ் மூடியைத் திருகி முடிப்பதற்குள் கிட்டே வந்து, இரண்டு பேர் தொப்பியையும் பறக்கவிட்டு, மறுபக்கம் புள்ளியாகிவிட்டது.

"அண்ணி, வாயை மூடுங்க. ஈ போயிடும்," என்றாள் கோரல்.

ரேலீனுக்கு அது காதில் விழவே இல்லை. ஓய்வுக்காகக் கரையேறிய வண்டி ஒன்றை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அதை ஓட்டி வந்தவர் தியோ, ஊரில் கறிக்கடை வைத்திருப்பவர்.

"இத எங்க வாங்குனீங்க தியோ?"

"வாங்குறதா? இங்க ஓடுறது பூராவும் வீட்ல கட்டுனது. என்னோடது பாதி பழைய கட்டில், பாதி ஆட்டுப்பட்டிக் கதவு."

அதற்குமேல் அவர் சொன்னதையெல்லாம் ரேலீன் உப்பில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டபடிதான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவன் கெல்வினிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் அதே சுரங்கத்தில் ஃபிட்டர். தட்டிலிருந்து நிமிராமல் சிரித்தான்.

"இரும்பை இரும்போட ஒட்ட வைக்கத் தெரியுமா உனக்கு?"

"உன்னை யாரும் கூப்பிடல கெல். வெல்டிங் மெஷினைத்தான் கேக்குறேன்."

கார் நிறுத்துகிற கொட்டகையில் வேலை ஆரம்பமானது. அவள் போட்ட முதல் வெல்டிங் பற்றுகள் கிளி எச்சம் போட்ட மாதிரி இருந்தன. ஒவ்வொன்றையும் பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தாள். உடைந்தால் தேய்த்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள். உடையாத பற்று ஒன்று கிடைத்த அன்று அதன்மேல் ஏறி நின்று குதித்தாள். கெல்வின் டீக்கோப்பையுடன் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்ப்பான். "கரண்ட்டைக் குறை," என்று சொல்ல அவனுக்கு நாக்கு துறுதுறுக்கும். அவள் முகமூடியைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள். அவன் டீயைக் குடிப்பான்.

சக்கரத்துக்கு அவள் எடுத்தது மண் தள்ளுகிற தள்ளுவண்டிச் சக்கரங்களை. பாய் கட்டுவதற்கு முன்னாலேயே தெருவில் ஒரு சோதனை வைத்தார்கள். ரேலீன் உட்கார்ந்து காலால் முன்சக்கரத்தைத் திருப்ப, கோரல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடினாள். தெருமுனை வளைவில் வண்டியின் கனம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்ததும் வெளிப்பக்கச் சக்கரம் அப்பளமாக மடங்கியது. ரேலீன் பக்கத்து வீட்டுப் புல்தரையில் போய் உருண்டாள்.

"அடி பட்டுச்சா அண்ணி?"

"அத விடு. திரும்பினதைப் பார்த்தியா நீ? நான் நினைச்ச பக்கம் திரும்புச்சுடி!"

தேடித் தேடிக் கடைசியில் ஊர்க் குப்பைமேட்டிலிருந்து சின்ன மோட்டார்பைக் சக்கரங்களைக் கொண்டுவந்தாள். பாய்மரத்துக்கு யாரோ கழற்றிப் போட்ட டிவி ஆன்டெனாக் குழாய். பாய்க்குக் கோரல் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிழலுக்குக் கட்டியிருந்த கோடுபோட்ட கித்தான். அதை அவளே கழற்றிக் கொண்டுவந்து, தன் தையல் மெஷினிலேயே தைத்தும் கொடுத்தாள். வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகுதான், ஜன்னலுக்கு இனி என்ன செய்வது என்று அவளுக்கு யோசனை வந்தது.

கிழக்குக் காற்று நன்றாக எழும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிக்கப் வேனின் பின்னால் வண்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஏரிக்குப் போனார்கள். பாய்மரத்தை நட்டதும் கித்தான் படபடவென்று அடித்துக்கொண்டது. ரேலீன் முடிச்சுப் போடும்போது கயிறு கைநழுவிக்கொண்டே இருந்தது.

"பாயிலேர்ந்து வர்ற கயித்த இழுத்தா ஓடும், விட்டா நிக்கும். அவ்வளவுதான் சூத்திரம்," என்று தியோ சொல்லியிருந்தார். அதைத் தூக்கத்தில்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் அவள்.

ஹெல்மெட் பிக்கப்பிலேயே இருந்தது. "கோரல், புடிச்சுக்க, வந்துடுறேன்," என்று ஓடினாள். அவள் திரும்பிப் பார்த்தபோது கெல்வின் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

"பெடல் சரியா இருக்கான்னு பார்க்குறேன்," என்றான்.

"இறங்கு."

"பார்த்துட்டு இறங்கிடுறேன் ரே."

கோரலின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவள் அதை விரட்டக் கையெடுத்தாள். அதே நேரம் ஒரு பலத்த காற்று வந்தது. பாய் புடைத்தது, வண்டி கிளம்பியது.

முதலில் அது நடையாகத்தான் போனது. எட்டிப் பிடித்துவிடலாம் என்று ரேலீன் ஓடினாள். கெல்வின் பயந்துபோனான். பயந்தவன் செய்வதை அவனும் செய்தான், கையில் இருந்ததை இறுக்கிப் பிடித்து இழுத்தான். கையில் இருந்தது பாய்க்கயிறு. வண்டி குதிரைபோல் பாய்ந்தது.

"கயித்த விடு! கெல், கயித்த விடு!"

அவனுக்குக் கேட்கவில்லை. ரேலீன் பிக்கப்பில் தாவி ஏறினாள். மறுபக்கம் கோரல் தொற்றிக்கொண்டாள். உப்பு நொறுங்கித் தெறிக்க இருவரும் துரத்தினார்கள். கோரல் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே நீட்டி, "அண்ணே, விட்டுத் தொலை," என்று கத்தினாள். முன்னால் கோடுபோட்ட பாய் சிறுத்துக்கொண்டே போனது. வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்தாள் ரேலீன். நெடுஞ்சாலையில் போகிற வேகம். அப்படியும் நெருங்க முடியவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. கெல்வினைக் கழுத்தைத் திருகிப் போடவேண்டும் போலிருந்தது. தான் கட்டிய வண்டியின் முதல் ஓட்டத்தை அவன் திருடிக்கொண்டுவிட்டான். ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பும் பொங்கிக்கொண்டு வந்தது. ஓடுகிறது. அவள் பற்றவைத்த ஒரு பற்றுகூட விடவில்லை.

"அண்ணி, அழுறீங்களா சிரிக்கிறீங்களா?"

"தெரியல. நீ உள்ள வந்து உட்காரு."

கடைசியில் அவனைக் காப்பாற்றியது அவன் தொப்பிதான். அது பறக்கப் பார்க்க, பிடிப்பதற்காக அவன் கையைத் தூக்கினான். கயிறு நழுவியது. பாய் தொளதொளத்தது. வண்டி மெல்லத் தளர்ந்து, சாதுவாக நின்றது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கெல்வின் முகம் உப்பு நிறத்தில் இருந்தது. முதலில் கண் மட்டும் அசைந்தது.

"ரே, இது ஓடுது," என்றான்.

"பார்த்தேன். இறங்கு."

"இன்னும் ஒரே ஒரு தடவை..."

"இறங்கு கெல்."

அவள் சொன்ன விதத்தில் இறங்கிவிட்டான்.

ரேலீன் உட்கார்ந்தாள். ஹெல்மெட் வாரை இறுக்கினாள். கயிற்றை ஒரு முழம் இழுத்தாள், சக்கரம் அசைந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. சீக்கிரமே அந்தக் கையும் காணாமல் போய், வண்டி தானாகவே விரும்பி ஓடுவதுபோல் ஆனது. பக்கத்திலிருந்து வந்த காற்று, வேகம் கூடக் கூட முகத்துக்கு நேராக வந்தது. காற்றையே முந்திக்கொண்டு போகிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அடியில் உப்பு ஸ்ஸ்ஸென்று சீறியது. நாளெல்லாம் அத்தனை பெரிய லாரியை ஓட்டுகிறவள்தான். ஆனால் அது உறுமி உறுமித்தான் நகரும். இது மூச்சு விடுவதுபோல் ஓடியது.

காற்றுப் பக்கத்துச் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. கயிற்றைத் துளி தளர்த்தினாள், இறங்கியது. இறுக்கினாள், எழும்பியது. அப்படியே விளையாடிக்கொண்டு எவ்வளவு தூரம் வந்தாள் என்று தெரியவில்லை. எதிரே உப்பு கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது. அது என்ன என்று யோசிப்பதற்குள் முன்சக்கரம் சதக்கென்று இறங்கியது. வண்டி நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை.

பாளத்துக்கு அடியிலிருந்த கறுப்புச் சேற்றில் முகம் புதைய விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து, கண்ணை மட்டும் வழித்துக்கொண்டபோது தியோவின் வண்டி தள்ளியே நின்றது.

"ஏம்மா ரேலீன், அந்தப் பக்கம் சேறுன்னு இங்க எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இப்பத் தெரிஞ்சுக்கிட்ட இல்ல?" என்று சொல்லிவிட்டு, பூட்ஸைக் கழற்றிப் போட்டு அவரும் இறங்கினார்.

இருவரும் வழுக்கி வழுக்கி வண்டியைக் கெட்டித் தரைக்கு இழுத்தார்கள். சேறு காய்ந்து முகம் இழுத்துக்கொண்டதால் அவளால் வாயைத் திறந்து சிரிக்கக்கூட முடியவில்லை. மறுபடி பாயை இழுத்தாள்.

பிக்கப் பக்கம் கோரலும் கெல்வினும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஒரு வளைவு போட்டுவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். அடுத்த சுற்றிலும் அப்படியே. கை வலித்த பிறகுதான் நிறுத்தினாள்.

"கோரல், நீ உட்காரு."

"அப்ப நான்?" என்றான் கெல்வின்.

"நீ கேக்காமலே போயிட்டு வந்தவன். வரிசையில நில்லு."

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே கோரல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"பயம் வந்தா கையில இருக்கறத விட்டுடு. வேற ஒண்ணும் செய்யாத."

கோரல் விடவே இல்லை. ஏரியின் மறுகோடிவரை அவளுடைய கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது, அதில் துளிப் பயமும் இல்லை. ரேலீன் உப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

கெல்வினின் முறை வந்தபோது காற்று விழுந்துவிட்டது. வண்டி ஆமை வேகத்தில் நகர, அவன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கோரல் தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"அண்ணே, பார்த்துப் போ," என்றாள்.