மாமனுக்கு ஆகாத நட்சத்திரம்

சின்னாயி அத்தை ரஞ்சனியின் கொண்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தபோது, அவள் ஒரு காலை வாசற்படிக்குள் வைத்திருந்தாள். தோள் கதவு நிலையில் மோதியது. கையிலிருந்த நாற்பது நாள் குழந்தை வீறிட்டது.

"இந்தப் பயலத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்குள்ள வராத! மாமனத் தின்னது பத்தலையா?"

உள்ளே ஐஸ் பெட்டியில் அண்ணன் குழந்தைவேல் கிடந்தான். பிரேதப் பரிசோதனை முடிந்து காலையில்தான் கொண்டுவந்திருந்தார்கள். கழுத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் அவன் மனைவி சுகன்யா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அவள் அழவுமில்லை, பேசவுமில்லை.

நேற்றுக் காலை வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போனான் அண்ணன். பெரியப்பா மகன் காளியப்பன் வாய்க்காலை மறித்து நின்றான். மூன்று வருசத் தகராறு. அண்ணன் குனிந்து மடையைத் திறந்தான். காளியப்பன் மண்வெட்டியை ஓங்கினான். வீட்டுக்குப் பின்னால் குழந்தைத் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ரஞ்சனி அதைப் பார்த்து ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தண்ணீர் சிவந்து கொடிக்காலுக்குள் பாய்ந்தபடியே இருந்தது.

குழந்தை பிறந்தது ரோகிணியில். தாய்மாமனுக்கு ஆகாது என்று அத்தை அன்றைக்கே ஆரம்பித்தாள். அண்ணன் சிரித்தான். ரிக் வண்டியில் ராஜஸ்தான் வரை போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். வெட்டவெளியில் படுத்து வானத்தைப் பார்த்துப் பழகியவன். பேர் வைத்த அன்று பொழுது சாய்ந்ததும் குழந்தையோடு அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனான்.

"அந்தா, ஆரஞ்சாத் தெரியுது பாரு, அதான் ரோகிணி. செவந்தவன்னு அர்த்தம். அரபிக்காரங்க அல்டெபரான்ங்கறாங்க. கார்த்திகைக்குப் பின்னாலயே வாரதுனால, பின்னால வாரதுன்னு பேரு. நாப்பதுக்கு மேல சூரியன வரிசையா வெச்சாத்தான் அதோட அகலத்துக்கு எட்டும். ஆனா சூடு சூரியனவிடக் கம்மி. அதான் அந்த நெறம்."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களாண்ணா?"

"இப்ப நீ பாக்கற வெளிச்சம் அறுபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால கெளம்பினது புள்ள. அப்ப நானே பொறக்கல. என்னையக் கொல்றதுக்கா கெளம்பிச்சு?"

ரோகிணியில் பிறந்தவன் ரோகித் என்று அவன்தான் பேர் வைத்தான்.

வாசலில் போலீஸ் ஏட்டு நோட்டைப் பிரித்தார். "நேர்ல பாத்தது ஆருங்க?"

"ஆரும் பாக்கலீங்க சாமி," என்று அத்தை முந்திக்கொண்டாள். "கைகலப்புல வழுக்கி மம்முட்டி மேல உளுந்துட்டான். எல்லாம் கெரகமுங்க." பிறகு ரஞ்சனியின் காதோரம் குனிந்தாள். "காளியப்பனும் உனக்கு அண்ணந்தான்டி. போனவன் திரும்பி வரப்போறதில்ல. இவன உள்ள தள்ளி என்ன பண்ணப்போற? நடந்ததுக்குக் காரணம் உன் கையிலயே இருக்குது."

ரஞ்சனி குழந்தையைப் பார்த்தாள். ஒருவேளை அப்படித்தானோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக உடம்பு கூசியது.

அப்போது சுகன்யா எழுந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நேராக வந்து குழந்தையைப் பிடுங்கினாள்.

"அண்ணி, வேண்டாங்க!"

ரஞ்சனியின் கன்னத்தில் அறை விழுந்தது.

"எத்தன வெட்டு?"

ரஞ்சனி குழந்தைக்காகக் கையை நீட்டினாள். மறுபடி ஓர் அறை.

"நீதான பாத்த? எத்தன வெட்டுடி?"

"மூணுங்க."

"ஏட்டய்யாவுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"மூணு வெட்டுங்க! மொத வெட்டுலயே அண்ணன் உளுந்துட்டாரு. உளுந்ததுக்கப்பறம் ரெண்டு. காளியப்பன்தான் வெட்டுனான். நான் பாத்தேன்!"

அத்தை ரஞ்சனியின் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். சுகன்யா தோளால் இடித்துத் தள்ளினாள். அத்தை பிளாஸ்டிக் நாற்காலிகளோடு சாய்ந்து விழுந்தாள். தூக்கிவிட யாரும் உடனே போகவில்லை.

ஏட்டு வரிவரியாகக் கேட்டு எழுதினார். ரஞ்சனி நின்றபடியே சொன்னாள். பால் கட்டி, ஜாக்கெட் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே போனபோது, சுகன்யா ஐஸ் பெட்டியருகே பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் ரோகித் தூங்கினான். அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் தயார் என்று வெளியிலிருந்து குரல் வந்தது. குழந்தை நனைத்த ஈரம் சுகன்யாவின் சேலையில் முழங்கால் வரை பரவியிருந்தது. அவள் காலை அசைக்கவில்லை.