சுண்ணாம்பு பூசிய கண்ணாடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று என் தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். வராமல் என்ன செய்யும்? அவனோடு சேர்ந்துதானே கண்ணாடி பதிக்கும் வேலை பார்க்கிறேன்.

இந்த முறை வேலை காட்டை ஒட்டிய ஒரு புது வீட்டில். முன்பக்கம் ஓடை. பின்பக்கம் அஸ்திவாரத்துக்காக வெட்டிவிட்ட மண்மேடு. கூடத்தில் எதிரெதிராக இரண்டு பெரிய திறப்புகள். அவற்றின் வழியாகத்தான் ஒரு குட்டி மீன்கொத்தி போய்வந்துகொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மஞ்சள் வயிறு, கருநீல இறக்கை, ஊதா பூசிய தலை, சிவந்த அலகு. பேர்தான் மீன்கொத்தி, ஒரு மீனைக்கூடக் கொண்டுவந்து நான் பார்க்கவில்லை. பல்லிக்குஞ்சோ சிலந்தியோ எதையாவது பிடிக்கும். கிளையில் துணி துவைப்பதுபோல் அதை அடிக்கும். பிறகு எங்கள் தலைக்கு மேலே விர்ரென்று கூடத்தைக் கடந்து, மண்மேட்டுப் பொந்துக்குள் நுழைந்துவிடும். உள்ளே குஞ்சுகள் கத்துவது கேட்கும்.

முதலில் ஜோடியாகத்தான் தீனி கொண்டுவந்தன. பிறகு ஒன்றைக் காணோம். மிச்சமிருந்தது ஒண்டியாக அலைந்தது. அம்மாவோ அப்பாவோ, யார் கண்டது? எனக்கு அது அம்மாதான்.

கண்ணாடி பதித்ததும் வழக்கம்போல் சுண்ணாம்பைக் குழைத்துப் பட்டையாகப் பெருக்கல் குறி போட்டோம். புதுக் கண்ணாடியில் யாரும் தெரியாமல் முட்டிக்கொள்ளக்கூடாது என்று எங்கள் தொழிலில் போடுவது. அந்தக் குட்டி மீன்கொத்திக்கும் அது புரிந்துவிட்டது. வெள்ளையைக் கண்டதும் விலகி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது.

வீட்டுக்காரம்மா பார்க்க வருவதாகச் சொன்ன அன்று, நான் வாளி கழுவப் போன நேரத்தில் தம்பி எல்லாக் குறியையும் துடைத்துவிட்டான். கண்ணாடி இருப்பதே தெரியக்கூடாது, அதுதான் அவனுக்குப் பெருமை. ஒரு கைரேகை தெரிந்தாலும் அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

'டொக்' என்று ஒரு சத்தம். ஓடினேன். முன்பக்கக் கண்ணாடிக்கு வெளியே தம்பி பேயறைந்தவன்போல் நின்றான். அவன் காலடியில் அது அலகைத் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் ஒரு பல்லிக்குஞ்சு.

"அக்கா, நான் கொன்னுட்டேன்" என்றான்.

வாய்வரைக்கும் வந்த திட்டை அவன் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். மீன்கொத்தியின் மார்பில் லேசாக மூச்சு ஓடியது. பழந்துணியில் எடுத்து, ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, வெளியிலேயே நிழலில் வைத்தேன். தண்ணீர் ஊட்டட்டுமா என்று கேட்டான். கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றேன்.

பின்பக்கம் குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. இது போனால் அவையும் போய்விடும். உட்கார முடியாமல் சுண்ணாம்பைக் கரைத்தேன். வெறும் குறி போதாதென்று கை போனபடி கண்ணாடி முழுக்கக் கோடு இழுத்தேன். தம்பியும் இன்னொரு பிரஷை எடுத்துக்கொண்டான். அவன் ஒரு கண்ணாடியை அவ்வளவு அசிங்கமாக்கி நான் பார்த்ததே இல்லை.

பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம். மூடியைத் திறந்தேன். அது என்னை முறைத்தது. என்னைவிடக் கோபக்காரி. பிறகு ஜிவ்வென்று கிளம்பி நேரே கண்ணாடியை நோக்கிப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், சுண்ணாம்புக்கு முன்னால் சட்டென்று ஒடித்துத் திரும்பி, வீட்டைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. இருவரும் பின்பக்கம் ஓடினோம். கிளையில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து, அடித்து, பொந்துக்குள் போனது. கத்தல் அடங்கியது. தம்பி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மா வந்தார். நறுக்கென்று பேசுகிறவர். கண்ணாடியைப் பார்த்து, இதுதான் நீங்கள் முடித்த லட்சணமா என்றார். தம்பி எழுந்து நின்றான்.

"வேலை இன்னும் முடியலைம்மா. குஞ்சு பறந்தப்புறம் துடைச்சுத் தர்றோம்."

நடந்ததைச் சொன்னோம். மீன்கொத்தி பொந்திலிருந்து வெளியேறி ஓடைப்பக்கம் போகும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியிலிருந்த பிரஷை எடுத்தார்.

"இந்த மூலைய விட்டுட்டீங்களே" என்றார்.