மூலைக் கழனியில் ஒரு கம்பம்

…சரி என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், அதற்குப் போய் ஏன் இத்தனை யோசனை அமுதத்துக்கு? வாசலில் நிற்கிற பாக்யராஜ், இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்தவன், மரியாதையாகத்தான் கேட்டான். "உங்க மூலக் கழனியில ஒரே ஒரு கம்பம்மா, காலனிக்கு லைன் போயிரும். இன்னிக்கி முடியலன்னா வண்டி பாகூர் பக்கம் போயிரும், அப்பறம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது." கழனி அவள் பெயரில்தான் இருக்கிறது, அப்பா எழுதிக் கொடுத்தது, ஆனால் கரும்பா நெல்லா என்றுகூட இதுவரை அவளை யார் கேட்டார்கள்… எல்லாம் புருஷன் அரங்கநாதன்தான். அந்த மனுஷன் ஒரு கல்யாணத்துக்கென்று புதுச்சேரிக்குப் போயிருக்கிறார். இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று யோசிக்கவே வேண்டாம், போன தடவை இவர்கள் வந்து கேட்டபோதே சொல்லியாகிவிட்டது. "இன்னிக்கிக் கம்பம் நடுவான், நாளிக்கி வழி கேப்பான்."

ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்து போன் போட்டால் போகவில்லை, எப்படிப் போகும், உறுவையாறு கிராமத்தின் இந்தக் கோடியில் வீட்டுக்குள் போன் என்பது மணி பார்க்க மட்டும்தான். மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றால் கிடைக்கும். மாடிப்படி இதோ இருக்கிறது, ஏறினால் ஆயிற்று… ஏறவேண்டியதுதானே, ஏன் நிற்கிறாய்? சகாயராணி ஞாபகம் வருகிறது. காலனிப் பெண், இதே கழனியில் களை எடுத்தவளின் மகள், இப்போது ஏதோ கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறாள், சிக்னல் கிடைக்கிறது என்று மோட்டார் கொட்டாய் நிழலில் குடையும் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தவளை, "மோட்டார் கொட்டா இன்னா உனக்கு ஆபீஸா" என்று விரட்டினாரே இவர், அமுதம் பக்கத்தில்தான் நின்றாள், நின்று என்ன பிரயோசனம். வீட்டில் நெட் இல்லாவிட்டால் சென்னைக்கே வந்துவிடு என்கிறதாம் கம்பெனி, பால் குடிக்கிற பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு எப்படிப் போவாள், போகாவிட்டால் வேலை போய்விடும். அமுதம் படியில் ஒரு காலை வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள்.

"லைனு கெடைக்கலப்பா," என்றாள் வாசலில் வந்து. "நீ நட்டுக்க."

இப்படிக் கூசாமல் புளுக வரும் என்று இத்தனை வருஷம் அவளுக்கே தெரியாது. அடுப்பில் வைத்த குழம்பு மறந்துபோய், கழனி மூலைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள், குழி தோண்டுகிறார்கள், ஐயோ இவ்வளவு ஆழமா, இனி பிடுங்கச் சொன்னால்கூட முடியாதே, முடியாமல் இருந்தால் நல்லதுதான், வந்து கத்துவார், கத்தட்டும், ராத்திரி சாப்பிடாமல் படுப்பார், படுக்கட்டும்… இடுப்பில் பிள்ளையோடு சகாயராணி ஓடி வந்தாள். "அக்கா, ஐயா இன்னா சொன்னாரு?" அவள் அக்கா என்று கூப்பிடுவதும் அவருக்குப் பிடிக்காது. "அவரு இல்ல. நான்தான் சொன்னேன்," என்றாள் அமுதம், சொன்னதும் அதையே இன்னொருவரிடமும் சொல்லவேண்டும்போல ஆசையாக இருந்தது. சாயங்காலம் அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துவிடலாம், நேரம் கிடக்கிறது.

பாக்யராஜ் கை கழுவிக்கொண்டே சிரித்தான். "லைன் உங்க வூட்டத் தாண்டித்தான போவுது, உங்களுக்கும் ஒண்ணு குடுத்துர்றேம்மா. இனிமே ஐயா எங்க இருந்தாலும் கேட்டுக்கலாம்." கூடத்துச் சுவரில் வைஃபை பெட்டியை மாட்டினான், அவள் போனை வாங்கி எதையோ தட்டித் திருப்பிக் கொடுத்தான். அதுவரை அந்த வீட்டுக்குள் ஒருநாளும் அடிக்காத போன், அவள் கையிலேயே அடித்தது. வாட்ஸப்பில் அவர் படம்தான், கல்யாண மண்டபத்திலிருந்து கூப்பிடுகிறார். இந்த வீட்டில் அவளாக முடிவுசெய்து நடந்த சின்னச் சின்னக் காரியங்கள், பக்கத்து வீட்டுக்கு விதைநெல் கொடுத்தது, மகளை ஸ்கூல் டூருக்கு அனுப்பியது, எல்லாமே அவரைக் கேட்க முடியாமல்போன நேரத்தில் நடந்தவைதானே… மூலைக் கழனியோடு அந்த நேரத்தையும் சேர்த்தா கொடுத்துவிட்டாள்?

"எடுங்கக்கா, ஐயாதான்," என்றாள் வாசலில் நின்ற சகாயராணி.