தவளைக்குப் புதுப் பெட்டி

பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒரு பல்சக்கரத்தைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் தம்பியை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவது என்று அந்த நிமிஷத்தில்தான் முடிவு செய்தேன்.

"நல்லாப் பாருங்க. பல்லு மொத்தமா உடைஞ்சிருந்தா பாரம் தாங்கலன்னு சொல்லலாம். இது ஓரம் மட்டும் மழுங்கியிருக்கு. கிளட்சை முழுசா மிதிக்காம, சக்கரம் ஓடும்போதே கியரை இழுத்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்ல இது. யாருங்க உங்க வீட்டுல அந்தப் புண்ணியவான்?"

"எனக்குத் தெரியும்" என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது செடி வளர்த்து விற்கும் தோட்டம். மண், உரம், சரளைக்கல் என்று நாள் முழுக்க எதையாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காக, ஒரு பழைய தோட்ட டிராக்டரைப் பிடித்து, அதன் முன்னால் இரண்டு இரும்புக் கைகளும் தகரத்தில் ஒரு பக்கெட்டும் வைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு லோடர் செய்துகொண்டோம். பக்கெட்டின் வாய் உடம்பைவிடப் பெரிதாக இருந்ததால் அதற்குத் தவளை என்று பெயர். தவளையின் உயிர் அதன் டிரான்ஸ்ஆக்ஸில். கியர்களும் பின் அச்சும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய அந்தச் சாமானை நாங்கள் பெட்டி என்போம். அந்தப் பெட்டியைப் போன மழைக்காலத்தில்தான் முழுசாகப் பிரித்து, புதுக் கியர், புது பேரிங், புது ஆயில் சீல் எல்லாம் போட்டுப் பூட்டினோம். கூட்டின் இணைப்பில் ஒட்டிக் கிடந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிச் சுரண்டி என் நகம்தான் தேய்ந்தது. அந்தப் புதுக் கியர்தான் இப்போது என் கையில் கிழவன் பல் மாதிரி இருந்தது.

தவளையை ஓட்டுவது மூன்றே பேர். நான், என் வீட்டுக்காரர், என் தம்பி. நான் கிளட்ச் மிதிக்காமல் கியரைத் தொடமாட்டேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மீசை முளைத்ததிலிருந்து ஸ்டீயரிங் பிடித்தவர். கியர் மாற்றினால் பின்சீட்டில் தூங்குகிற குழந்தை புரண்டுகூடப் படுக்காது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்வார்கள். மிச்சம் யார்?

தம்பி வேலை பார்த்த பட்டறையை மூடியதும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் வந்து தங்கினான். "என் தம்பிதானே, நான் பொறுப்பு" என்று நான்தான் வாய் கொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு முகச்சுளிப்பும் காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு அதிகமாகச் சுட்டது. அவர் சொந்தக்காரன் இப்படிச் செய்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். பிறந்த வீட்டு ஆள் செய்தால் திட்டவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் பேர். இருக்கட்டும். மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு ஆளாவது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டாமா? அப்படிப் பார்த்ததில்தான் எத்தனையோ தெரிந்தது. காலையில் என் வீட்டுக்காரர் வேனை எடுக்கும்போது தம்பியும் தொற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தான். "எங்கேடா ஊர் சுத்தப் போறே?" என்றால், "மாமாவுக்குத் துணைக்கு" என்பான். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு அம்மா ஏற்கெனவே வேனில் இருக்கிறார். இவன் எதற்குத் துணை? சாயங்காலம் கொட்டகைக் கதவு சாத்தியே கிடக்கும். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால் உள்ளே பேச்சு பட்டென்று நிற்கும். என் வீட்டுக்காரர் அடிக்கடி தடுக்கி விழப் போவார். "என்னங்க?" என்றால், "மாப்ள ஸ்பானரைக் கீழ போட்டு வெச்சிருக்கான்" என்பார். கீழே பார்த்தால் ஒன்றும் இருக்காது. எடுத்து மறைத்துவிட்டான் என்று அதையும் தம்பி கணக்கிலேயே சேர்த்தேன்.

கடையிலிருந்து வந்ததும் பல்சக்கரத்தைத் தம்பி முன்னால் வைத்தேன். "இது யார் வேலை?"

அவன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "நான்தான்க்கா" என்றான்.

"கிளட்சை மிதிக்க என்னடா வலி உனக்கு?"

"அவசரத்துல... விட்டுடுக்கா."

திருடன்கூட ஒரு தடவையாவது இல்லை என்பான். இவன் கேட்டு முடிப்பதற்குள் ஒத்துக்கொள்கிறானே என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. சின்னத் தப்பை ஒத்துக்கொண்டு பெரிய தப்பை மறைக்கிறான் என்று பட்டது. யாருக்கோ வேலை செய்ய, நான் சந்தைக்குப் போகிற நேரத்தில் தவளையை ஓட்டிக்கொண்டு போகிறானா? தவளையின் டயரில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் கிள்ளி, நிறம் பார்த்தேன். எங்கள் தோட்டத்து மண்தான்.

"வண்டியைச் சரி பண்ணிக் கொடு. அப்புறம் உன் பையைக் கட்டிக்கோ. நான் சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்திலும் இப்போதெல்லாம் ஷூதான் போடுகிறார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டார். மைத்துனன் போனால் போகட்டும் என்று இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவரே ஒரு யோசனை சொன்னார். கியர் பெட்டியே வேண்டாமாம். விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த டிராக்டர் ஒன்றைக் கழித்துக் கட்டுகிறார்களாம். அதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற ஹைட்ரோ பெட்டி இருக்கிறதாம். முன்னால் போக ஒரு மிதி, பின்னால் வர ஒரு மிதி, இரண்டும் வலது காலுக்கு. கியரும் இல்லை, கிளட்சும் இல்லை.

"லோடர்னா முன்னும் பின்னும் போய்க்கிட்டே இருக்கணும். கியர் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு போகுது. அச்சும் பழசைவிட மொத்தம், பாரம் தாங்கும்" என்றார்.

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருக்கிற எதையும் நான் இன்னொரு தடவை புரட்டிப் பார்ப்பேன். இது என் தம்பி ஓதிக்கொடுத்த பாடம் என்று தோன்றியது. தன் குட்டு உடைந்ததும், கியரே இல்லாத வண்டியாக மாற்றிவிட்டால் இனி யாரும் குறை சொல்ல முடியாதல்லவா?

அன்று சாயங்காலம் கொட்டகைச் சுவருக்கு வெளியே, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன மாமா பண்றது?"

"தெரிய வேணாம் மாப்ள. நீயும் சொல்லிடாத. பிள்ளைங்களுக்கு லீவு விடட்டும், பார்த்துக்கலாம்."

குழாயிலிருந்து தண்ணீர் என் காலில் ஊற்றிக்கொண்டிருந்ததை வெகுநேரம் கவனிக்கவில்லை. ஆக, இரண்டு பேரும் கூட்டு. எனக்குத் தெரியாமல் தோட்டத்தை விற்கப் போகிறார்களா, வேறு ஏதாவதா? அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர்கள் பாட்டுக்கு வேலை செய்தார்கள். பழைய பெட்டியிலிருந்து வடித்துத் தட்டில் வைத்திருந்த எண்ணெய் வெள்ளிப் பொடி கலந்து மினுமினுத்தது. என் வீட்டுக்காரர் தட்டைத் தட்டிவிட, எண்ணெய் மொத்தமும் அவர் ஷூவுக்குள் போனது. புதுப் பெட்டியைப் பிரித்து, கழுவி, சீல்களை மாற்றிப் பூட்டினார்கள். புது அச்சு தடிமனாக இருந்ததால், அதில் சக்கரத்தை மாட்ட வேறு நடுக்கட்டை கடைந்து வரவேண்டியிருந்தது. தம்பி சட்டத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தான். அவன் வைத்த ஒட்டை எத்தனை உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாது. இத்தனை சுத்தமாக வேலை செய்கிறவன் கிளட்சை மிதிக்கமாட்டானா என்று ஒரு கணம் நெஞ்சில் சுருக்கென்றது. கோபத்தில் அதைத் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. பின்சக்கரங்களைக் கட்டைமேல் தூக்கி வைத்து, மிதியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, எண்ணெய்க்குள் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினார்கள். முதலில் முனகிய பெட்டி, காற்றுப் போகப் போகச் சத்தம் அடங்கிச் சுழன்றது. தம்பியின் பை அதற்குள் வாசல் கதவருகே வந்துவிட்டது. நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

"ஒரு தடவை ஓட்டிப் பாருக்கா. அப்புறம் நான் கிளம்பறேன்" என்றான்.

ஏறி உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப் போனது. அங்கே வழவழவென்று ஒரு தகடுதான் இருந்தது. சரி, கிளட்ச் இல்லை. பிரேக்? முன்பு கிளட்சும் பிரேக்கும் ஒரே மிதியில் இருந்தன. இப்போது பிரேக்கைக் கைநெம்புகோலாக மாற்றி வலப்பக்கம் வைத்திருந்தான். மிதி இருந்த ஓட்டையைக்கூட அடைத்துத் தேய்த்திருந்தான். பிரேக்கை அங்கேயே விட்டிருந்தால் பாதி வேலை மிச்சமாயிருக்கும். வேலைக்குக் கள்ளம் செய்கிறவன் இல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வானா?

வலது காலால் மெல்ல அழுத்தினேன். தவளை வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. மண்மேட்டில் பக்கெட்டைக் குத்தி, தூக்கி, பின்னால் வந்து, திரும்பி, கொட்டினேன். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு கடகடப்பு இல்லை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இடது கால் மட்டும் வேலை இல்லாமல் விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து சரளைக்கல்மேல் நடந்து வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஷூ எண்ணெயில் ஊறிப்போனதால் அன்றைக்குச் சாதாரணச் செருப்புப் போட்டிருந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

கொட்டகை வாசலைப் பார்த்தேன். அங்கே ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அதன் நுனி, சாணையில் பிடித்தது போலத் தேய்ந்திருந்தது. அரம் தேய்த்த இரும்புத்தூளும், கம்பித் துணுக்கும், கூர்க் கல்லும் நிறைந்த தரையில் அத்தனை தூரம் வெறுங்காலோடு வந்திருக்கிறார். நொண்டவில்லை. குனிந்து பார்க்கவில்லை. செருப்பு போனதே அவருக்குத் தெரியாது.

இன்ஜினை நிறுத்தினேன்.

"உங்க இடது கால் செருப்பு எங்கே?"

அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார். தம்பி பக்கெட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா?"

"மரத்துப் போகுது, அவ்வளவுதான். வரும், போகும்" என்றார். "கால் மிதி மேல இருக்கா இல்லையான்னு தெரிய மாட்டேங்குது. கண்ணால பார்த்தாத்தான் தெரியுது. அதான், முழுசா மிதிச்சிட்டோம்னு நினைச்சுக் கியரை இழுத்துடறேன். மாப்ள மேல தப்பில்ல. அவன்தான் பழியை ஏத்துக்கறேன்னு பிடிவாதம் பிடிச்சான்."

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். தம்பியைத் திட்டியது தப்புதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்து மூலையில் மஞ்சள் வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் ஏதோ ஒரு பிள்ளை விரலால் பூனை வரைந்திருந்தது.

"வீட்டு வண்டியில கிளட்சைப் பிடுங்கிட்டீங்க. மண்ணள்ளுற வண்டிக்கு இத்தனை ஜாக்கிரதை. வேன்ல கிளட்ச் இருக்கே?"

தம்பி பக்கெட்டைத் தட்டுவதை நிறுத்தினான்.

"நான் தினமும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தான் வரேன்க்கா" என்றான் தம்பி. "கால் நழுவினா உடனே சொல்லிடுவேன்."

"நீ சொல்லி, அவர் குனிஞ்சு பார்த்து, அதுக்கப்புறம் மிதிச்சு... அதுவரைக்கும் எதிரே வர்ற லாரி நின்னு வேடிக்கை பார்க்குமா?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "ரெண்டு பேருக்கும் புத்தி இருக்கா? அத்தனையும் பச்சைப் பிள்ளைங்க!"

என் வீட்டுக்காரர் பக்கெட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "லீவு விட்டதும் டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன். போனா வண்டி ஓட்டாதன்னுதான் சொல்லுவாரு. அதை விட்டா எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு?"

அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் வீட்டுக்குள் போனேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து, வேலைச் சட்டையின் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். வெளியே வந்தபோது தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கே கிளம்பிட்டே?"

"நீதானேக்கா போகச் சொன்னே."

"பையை உள்ள கொண்டு வை. காலையில இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், நீயும் வரணும். பழியைத் தலையில போட்டுக்கிட்டதுக்கு உன்னைத் திட்ட மாட்டேன். வாயை மூடிக்கிட்டு வேன்ல உட்கார்ந்து போனதுக்கு உன்னைச் சும்மா விடமாட்டேன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் கைப்பேசியில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையின் எண்ணைத் தேடினேன். என் வீட்டுக்காரர் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில பிள்ளைங்க வாசல்ல காத்துக்கிட்டு நிப்பாங்களே" என்றார்.

"நிக்கட்டும்" என்றேன். "கைகாலோட நிக்கட்டும்."

நான் செருப்பை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டேன். அவர் இடது காலைக் கையால் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக வாருக்குள் நுழைத்து, நுழைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். அதன்பிறகுதான் நான் எண்ணை அழுத்தினேன்.